சுனாமி அன்று எங்கே இருந்தோம்: அம்மாவின் ஞாபகமும் அண்ணனின் ஞாபகமும்

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது. நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உங்கள் வீடு. 2004 டிசம்பர் 26 பற்றிப் பேச்சு வந்தால் அம்மாவும் அண்ணனும் வெவ்வேறு கதை சொல்கிறார்கள். அம்மா கொழுந்து எடுத்துவிட்டுக் கூடையோடு வந்துகொண்டிருந்தாராம். காலி பஸ் நிலையத்துக்குள் கடல் புகுந்ததைக் கணக்கப்பிள்ளை வீட்டு டீவியில் அன்று காலையிலேயே பார்த்தாராம். அண்ணனோ, அன்று தோட்டத்தில் வேலையே இல்லை, கோயிலடியில் நின்றபோது ரேடியோவில்தான் கேட்டோம், டீவி பார்த்தது மறுநாளோ அதற்கடுத்த நாளோ என்கிறார். இருவரும் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. அப்போது உங்களுக்கு நாலு வயது. உங்களுக்கும் ஒரு காட்சி ஞாபகம் இருக்கிறது, அதை நம்பலாமா என்று தெரியவில்லை. இதற்கிடையில், தமிழர்கள் தாக்கப்பட்ட 83 கலவரத்தைப் பற்றி அப்பாயி சொல்வதைப் போனில் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறீர்கள். கடைசி வரியில், “அம்மாவுக்கே இப்படிக் குழம்புகிறதென்றால், நாற்பது வருடத்துக்கு முந்தியதை அப்பாயி சொல்லும்போது எப்படி நம்புவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாக் கேள்வியும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்குப் பல வருடம் உளவியல் படிப்பித்தவன். ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களில் வயதானவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வருகிறேன். வைத்தியன் அல்ல. உங்கள் அம்மாவையோ அப்பாயியையோ நான் பார்த்ததும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் யார் சொல்வது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஞாபகம் பொதுவாக எப்படி நடந்துகொள்கிறது, அதை நம் தோட்டங்களில் எப்படி ஒத்துப் பார்க்கலாம் என்பதைச் சொல்ல முடியும்.

ஒரு பெரிய துயரச் செய்தி வந்த நேரத்தில் எங்கே நின்றோம், யார் வந்து சொன்னார்கள், கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் அப்படியே மனதில் நிற்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, கோல்குரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று 179 பேரிடம் விசாரித்து 1899இல் எழுதினார். 127 பேர் இடம், நேரம், சொன்ன ஆள் என்று விவரமாகச் சொன்னார்கள். 1977இல் ரொஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரு உளவியலாளர்கள் கென்னடி கொலையை வைத்து இதை மறுபடி ஆராய்ந்தார்கள். ‘பிளாஷ்பல்ப் நினைவு’ என்று பெயரும் வைத்தார்கள். பழைய கமராவின் பல்ப் பளிச்சென்று அடித்து ஒரு கணத்தைப் பிடிக்கிறதே, அதுபோல அதிர்ச்சியான நேரத்தில் மூளை சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் பதிந்துவிடுகிறது என்பது அவர்கள் எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு ஆய்விலும் ஒரு பெரிய ஓட்டை. ஆட்கள் விவரமாகச் சொன்னார்கள், சரி. சொன்னது நடந்ததுதானா என்று ஒத்துப் பார்க்க, அந்த நாளிலேயே எழுதி வைத்த குறிப்பு ஆய்வாளர்கள் கையில் இல்லை.

அந்த ஓட்டையை அடைத்தவர் உல்ரிக் நைசர். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வானில் சிதறியது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ இரண்டரை வருடம் கழித்து அந்த மாணவர்களில் 44 பேரை அவரும் நிக்கோல் ஹார்ஷும் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முழுவதும் பொருந்தியவர்கள் மூன்றே பேர். 11 பேர் சொன்னதில் முக்கியமான ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் தங்கள் ஞாபகத்தில் மிக உறுதியாக இருந்தார்கள். உங்களுக்கு இதில் முக்கியமானது ஒன்று உண்டு. முதல் தாளில், செய்தியை டீவியில்தான் முதலில் அறிந்தோம் என்று எழுதியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டரை வருடம் கழித்து அப்படிச் சொன்னவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். வகுப்பில் யாரோ வந்து சொல்லக் கேட்ட ஒருவர், அறையில் தோழியோடு டீவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார். அவர்களுடைய சொந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். பழைய ஞாபகம் ஒருவருக்கும் திரும்பி வரவில்லை. பொய் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காரணமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அவர் சொல்வதைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்ப்போம். அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும்கூட. ஆகவே காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற வழக்கமான பெரட்டு இருந்திருக்காது, அண்ணன் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற பழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. எனவே ஞாயிறு என்ற ஒரே காரணத்துக்காக அம்மாவின் கூடையைத் தள்ளிவிட முடியாது. தோட்ட ஒபிசில் அந்த மாதத்துச் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேடு, இன்னும் கிடந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டீவி விஷயம் வேறு. கடல் உள்ளே வந்ததை எந்த நிலையமும் நேரடியாகக் காட்டவில்லை. நாம் பார்த்த காட்சிகள் அங்கங்கே நின்றவர்கள் சொந்தக் கமராவில் எடுத்தவை. அவை பிறகு டீவிக்காரர்கள் கைக்கு வந்து நாட்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடின. ஆகவே அலை அடித்த அதே நேரத்தில் அம்மா அதை டீவியில் பார்த்திருக்க முடியாது, இது உறுதி. அன்று இரவோ மறுநாளோ அதே கணக்கப்பிள்ளை வீட்டில் பார்த்திருக்கலாம் என்பது என் ஊகம். ரேடியோவில் கேட்ட முதல் செய்தி ஒரு வரிதான். பஸ்ஸையும் மனிதர்களையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிற படம் அதைவிடப் பல மடங்கு பலமானது. கதையாகச் சொல்லும்போது பலமானது முன்னுக்கு வந்துவிடுகிறது.

மணிக் கணக்கில் சண்டை வந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2004இல் நம் நாட்டுக் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி நேரம் முந்தி ஓடியது. 1996இல் மாற்றியதை 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆக்கினார்கள். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நிலம் அதிர்ந்தது அன்றைய நம் கடிகாரத்தில் காலை 6.58, இந்தியக் கடிகாரத்தில் 6.28. டிஷ் போட்டு சென்னைச் செய்தி பார்த்த லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு கணக்கும் காதில் விழுந்திருக்கும். ஆகவே எட்டரையா ஒன்பதா என்பதை விட்டுவிட்டு அன்றைக்கென்றே நடந்தவற்றைக் கேளுங்கள். டிசம்பர் போயாவோடு சிவனொளிபாத மலை சீசன் தொடங்கும். உங்கள் ஊர் ஹட்டன் பக்கம் என்பதால், மஸ்கெலியா ரோட்டில் மலைக்குப் போகிற பஸ்கள் ஓடினவா, கடலோரத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள் செய்தி கேட்டு என்ன செய்தார்கள் என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் கிறிஸ்மஸ், பாடசாலை விடுமுறை. இவையெல்லாம் கதைக்குள் தானாக வந்தால் அது நல்ல அடையாளம்.

நைசருக்கே இப்படி ஒரு ஞாபகம் இருந்தது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது அவர் சிறுவன். வீட்டில் ரேடியோவில் பேஸ்போல் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தேன், இடையில் நிறுத்திச் செய்தி சொன்னார்கள் என்று பல பத்து வருடம் நம்பியிருந்தார். அமெரிக்காவில் டிசம்பரில் பேஸ்போல் ஆட்டமே கிடையாது என்பது பின்னால்தான் உறைத்தது. வேறு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். அன்று ரேடியோவில் போனது அமெரிக்க உதைபந்து ஆட்டம். ஆடிய இரண்டு அணிகளுக்கும் நியூயோர்க்கின் புகழ்பெற்ற பேஸ்போல் அணிகளின் பெயர்களே இருந்தன! ரேடியோ, ஆட்டம், இடையில் நின்றது எல்லாம் பொருந்துகிறது, விளையாட்டு மட்டும் மாறிவிட்டது. நான் பதிவு செய்த கதைகளில் கண்ட பிழைகளும் பெரும்பாலும் இந்த மாதிரியே. எங்கிருந்தோ முளைத்த கற்பனை குறைவு, வேறு நாளின் உண்மை இந்த நாளுக்கு வந்து சேர்ந்தது அதிகம்.

பிறகு வந்த ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாக்கின. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், டியூக் பல்கலைக்கழகத்தில் டலரிகோவும் ரூபினும் 54 மாணவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதி வைத்தார்கள். ஒன்று, அந்தச் செய்தியைக் கேட்ட தருணம். மற்றது, அதே நாட்களில் நடந்த சாதாரணமான ஒரு சம்பவம். மாதங்கள் போகப் போக இரண்டு ஞாபகமும் ஒரே அளவில்தான் பிசகின. வித்தியாசம் நம்பிக்கையில் இருந்தது. சாதாரணச் சம்பவத்தைப் பற்றி ‘சரியாக ஞாபகம் இல்லை’ என்று சொன்னவர்கள், தாக்குதல் செய்தி பற்றி அப்படிச் சொல்லவில்லை. வில்லியம் ஹர்ஸ்ட்டும் சகாக்களும் அதே தாக்குதலைப் பற்றி அமெரிக்காவின் பல நகரங்களில் பத்து வருடம் தொடர்ந்து விசாரித்தார்கள். மறப்பது பெரும்பாலும் முதல் வருடத்திலேயே நடந்து முடிகிறது. அதற்குப் பிறகு கதை இறுகிவிடுகிறது, உள்ளே வந்த பிழையும் அதோடு சேர்ந்து இறுகி அடுத்த முறையும் அப்படியே வருகிறது. அன்று தாங்கள் என்ன உணர்ந்தோம் என்பதுதான் மிக மோசமாக ஞாபகத்தில் நின்றது. இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். தெளிவாக இருப்பதாலேயே ஒரு ஞாபகம் சரியாகிவிடாது, பிழையாக இருப்பதாலேயே சொல்பவர் பொய்யர் ஆகிவிடவும் மாட்டார். இத்தகைய நினைவுகளுக்கு மூளையில் தனி வழி ஏதும் இருக்கிறதா, அல்லது திரும்பத் திரும்பச் சொல்வதாலும் அதைப் பெரிதாக மதிப்பதாலும்தான் இப்படி நிற்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இனி, யாருக்கு எது ஞாபகத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிரவுனும் குலிக்கும் 40 வெள்ளையரிடமும் 40 கறுப்பினத்தவரிடமும் விசாரித்தார்கள். கென்னடி விஷயத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மார்ட்டின் லூதர் கிங் கொலை என்று வந்தபோது கறுப்பினத்தவரில் 30 பேருக்கு அந்தத் தருணம் தெளிவாக இருந்தது, வெள்ளையரில் 13 பேருக்கு மட்டும்தான். நாடு ஒன்றுதான், செய்தியும் ஒன்றுதான், அது யார் வீட்டு இழவு என்பது வேறு. 2014 அக்டோபர் 29, தீபாவளி முடிந்து ஒரு வாரம், புதன்கிழமை காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்தச் செய்தி வந்தபோது எந்த மலையில் நின்றோம், எந்த நிரையில் நின்றோம் என்றுகூடச் சொல்லும் பெண்களை வெகு தூரத்துத் தோட்டங்களிலும் கண்டிருக்கிறேன். கொழும்பில் அதே வயதுக்காரர்களுக்கு வருடமே ஞாபகம் இல்லை. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. சரிவில் கட்டிய லயத்தில் படுத்து, மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவர்களுக்கு அந்தச் செய்தி தன் தலைமாட்டுச் செய்தி.

நம் மக்களின் மிகப் பெரிய துயரங்களில் பல, இப்படி ஒரு நாளில் வந்தவையும் அல்ல. 1948இல் தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை போன அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் யாரும் பதில் சொன்னதில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட தருணமும் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் அக்காவை, பெரியப்பாவை, கூடப் படித்தவளைத் தலைமன்னார் போகிற ரயிலில் ஏற்றிவிட்ட ஸ்டேஷன் பிளாட்பாரம் ஞாபகம் இருக்கிறது. அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்றே சொன்னார்கள். 1974 பஞ்சமும் அப்படித்தான். தேதி கிடையாது, என்ன தின்றோம் என்பது இருக்கிறது. அப்பாயியிடம் கேட்கும்போது சுனாமி, கலவரம் என்று பேர் வைத்த நாட்களை மட்டும் தேடினால் இவையெல்லாம் பதிவில் வராமலே போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, 83க்கு வருவோம். இதை நிதானமாகப் படியுங்கள். இதுவரை நான் சொன்ன ஆய்வுகள் அனைத்தும் ஒரு துயரத்தைச் செய்தியாகக் கேட்டவர்களைப் பற்றியவை. அது தன் மேலேயே வந்தவர்களின் ஞாபகம் வேறு மாதிரி இருக்கிறது. 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. நைசரும் வேறு சிலரும் சில நாட்களுக்குள்ளேயே எழுதி வாங்கி, ஒன்றரை வருடம் கழித்து மறுபடி கேட்டார்கள். நடுக்கத்தில் இருந்த கலிஃபோர்னியாக்காரர்களின் பதில்கள் ஏறக்குறைய முழுவதும் பொருந்தின. தூரத்து அட்லாண்டாவில் டீவி பார்த்து அறிந்தவர்களுடைய பதில்கள் நிறையப் பிசகின. நியூயோர்க்கிலும் தாக்குதல் நடந்து மூன்று வருடம் கழித்து எலிசபெத் ஃபெல்ப்ஸின் குழுவினர் மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கோபுரங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அதை நினைத்தபோது, பயத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதி அதிகமாகத் தூண்டப்பட்டது. சில மைல் தள்ளி இருந்தவர்களிடம் அந்த அளவு இல்லை. உங்கள் அம்மா சுனாமியைக் கேட்டார். அப்பாயி 83க்குள் இருந்தார். முன்னதை வைத்துப் பின்னதை அளக்கக் கூடாது.

அதற்காக, உள்ளே இருந்தவர்களின் ஞாபகத்தில் பிழையே இராது என்றும் நினைக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கவனம் குறுகிவிடும். எதிரில் நிற்பவன் கையில் இருந்தது, தோளில் கிடந்த பிள்ளையின் வாயைப் பொத்தியது, ஒளிந்திருந்த தேயிலைச் செடியின் ஈரம் இவை நிற்கும். என்ன கிழமை, எத்தனை பேர், எத்தனை மணி என்பவை நிற்காது. ஆகவே அப்பாயி கிழமையைத் தவறாகச் சொன்னால் அது அவர் கண்டதைப் பாதிக்காது. ‘ஞாபகம் நம்பத்தகாதது என்று விஞ்ஞானமே சொல்கிறது’ என்று நம் ஆட்களின் சாட்சியத்தை ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், நேரிலேயே கேட்டிருக்கிறேன். அது அந்த ஆய்வுகளைத் தலைகீழாகப் படிப்பது. கொழும்பில் 1983 ஜூலை 24 இரவு தொடங்கிய வன்முறை அந்த வாரத்திலேயே கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை வரைக்கும் வந்தது. ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இவற்றுக்கு யாருடைய ஞாபகமும் தேவையில்லை, பதிவு இருக்கிறது. அப்பாயியின் பேச்சு தேவைப்படுவது, பதிவே இல்லாத உங்கள் தோட்டத்துக்கும் உங்கள் லயத்துக்கும்தான்.

நம் பக்கத்து முதியவர்களிடம் நான் அடிக்கடி காண்கிற சிக்கல் ஒன்று, மூன்று கலவரங்கள் ஒன்றாகிவிடுவது. 1977 ஓகஸ்டில் நடந்தது, ஜே.ஆர். ஜயவர்தன தேர்தலில் வென்று ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அதற்குப் பிறகு பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்கள் அடிபட்டன. அப்புறம் 83. மூன்றுக்கும் நம் பேச்சில் ‘கலவரம்’ என்ற ஒரே பெயர். “எந்த வருடம்?” என்று கேட்டால் எல்லோரும் 83 என்பார்கள், ரேடியோவிலும் பத்திரிகையிலும் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த எண்தான். வருடத்தைக் கேட்காதீர்கள். அப்போது எந்தப் பிள்ளை கையில் இருந்தது, எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருக்கும். அரசாங்க டீவி ரூபவாஹினி 1982இல்தான் தொடங்கியது. ஜூலை 28 அன்று ஜே.ஆர். டீவியில் பேசியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னால் அது 83, 77 ஆக இருக்க முடியாது. அன்று பார்த்தாரா, பிறகு ஏதாவது நிகழ்ச்சியில் பார்த்தாரா என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும், அம்மாவின் கதையில் வந்த அதே சந்தேகம்.

எண்ணிக்கைகளையும் இப்படியே பாருங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் இறந்தவர்கள் 359 பேர் என்று முதலில் அறிவித்தார்கள். நாலு நாளில் அதை 253 அளவுக்குக் குறைத்தார்கள், பிறகு மறுபடியும் கூடியது. ஒருவர் 359 என்று சொன்னால் அந்த வாரத்துச் செய்தி அவர் மனதில் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் உங்கள் குறிப்பைப் போடுங்கள்.

கேட்கும் விதத்தைப் பற்றி அனுபவத்தில் கண்டவை சில. அம்மா, அண்ணன், அப்பாயி யாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னது மற்றவர் ஞாபகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இது ஆய்வில் பலமுறை உறுதியானது. “கடை எரிந்தபோது பயந்தீர்களா?” என்று கேட்டால் கடை எரிந்ததை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். “அன்றைக்குக் காலையில் எழும்பினதிலிருந்து சொல்லுங்க அப்பாயி” என்று விட்டுவிடுங்கள். இடையில் ஓடுகிற அமைதியை நிரப்பாதீர்கள். சொல்லி முடித்த பிறகு, “இது நீங்க பார்த்ததா, ஆராவது சொன்னதா?” என்று மெதுவாகக் கேளுங்கள். முதியவர்கள் பலர் இதற்கு மிக நேர்மையாகப் பதில் சொல்வார்கள். நாம் கேட்காததால்தான் இரண்டும் கலந்து கிடக்கிறது. இன்னொன்று, இருட்டின பிறகு கேட்காதீர்கள். பகலில், அவருக்குப் பிடித்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். கை நடுங்கினால், பேச்சு நின்றுவிட்டால், பதிவை நிறுத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். மீதியை அவர் விரும்பினால் பிறகு சொல்வார். அன்றிரவு தூக்கம் கெட்டதா என்று மறுநாள் விசாரியுங்கள். கெட்டிருந்தால், அதற்கு மேல் தோண்டுகிற வேலை உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

உங்கள் சொந்த ஞாபகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியவை பெரும்பாலானவர்களுக்கு நிற்பதில்லை. நாலு வயதில் ஒரு காட்சி நிற்பது சாத்தியம்தான். ஆனால் வீட்டில் இருபது வருடமாக ஓடுகிற கதைக்குள் வளர்ந்த பிள்ளைக்குத் தன் காட்சி எது, கேட்ட காட்சி எது என்று பிரிப்பது கடினம். 1974 டிசம்பர் 4 இரவு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின் எயார் விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்களும் “சத்தம் கேட்டு எழும்பினோம்” என்று நோட்டன் பக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் அவர்கள் வீட்டில் அத்தனை முறை கேட்டிருக்கிறது. உங்கள் காட்சியில் வீட்டார் யாரும் ஒருபோதும் சொல்லாத, கதைக்கு எந்தப் பயனும் இல்லாத ஏதாவது ஒன்று இருக்கிறதா பாருங்கள். அடுப்படியில் கிடந்த சாமானோ, யாரோ கட்டியிருந்த துணியின் நிறமோ. இருந்தால் அது உங்களுடையதாக இருக்க வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். நிரூபணம் என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன்.

அம்மாவைத் திருத்தவா என்று கேட்டால், வேண்டாம். இரண்டு கதையையும் எழுதி, யார் எந்த நாளில் சொன்னது என்று தேதி போட்டு வையுங்கள். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நம் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், கரண்டும் போனும் நாட்கணக்கில் இல்லை. உங்கள் வீட்டிலும் எல்லோரிடமும் அந்த இரவைப் பற்றி ஒரு கதை இருக்கும். இந்த வாரமே ஆளுக்கொரு தாள் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நீங்கள் எழுதுங்கள். எங்கே படுத்திருந்தார்கள், எந்தச் சத்தம் முதலில் கேட்டது, யார் வந்து கதவைத் தட்டினார்கள், எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், கரண்ட் எப்போது போய் எப்போது வந்தது, சரிவைக் கண்ணால் கண்டார்களா, கேட்டார்களா. ஒருவர் தாளை மற்றவருக்குக் காட்டாமல் வாங்கி, கீழே தேதி போட்டு, பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கிற அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். அப்பாயியின் பதிவில் எங்காவது தடங்கினால் மறுபடி எழுதுங்கள், தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.